ஒரு சரணம் முழுக்க

மேடையில் ஆடுகிறவள் யாருடைய கண்ணையும் பார்ப்பதில்லை. இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார்ப்பாள். கீழே நிற்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். இதை நான் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டேன். எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிற பெண் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குப் பேர்.

படித்தது புள்ளியியல். வார நாட்களில் சிறுசேரியில் ஒப்பந்த வேலை. வேறு யாரோ எழுதிய மென்பொருளில் பொத்தானை அழுத்தி, வேலை செய்கிறதா இல்லையா என்று குறிக்க வேண்டும். ராஜகீழ்ப்பாக்கத்தில் இன்னும் இரண்டு பெண்களோடு வாடகை அறை. ஜும்பா வகுப்பில் என்னோடு ஆடிய ஒருத்தி, ஆடல் பாடல் குழு ஒன்றில் ஆள் குறைகிறது என்று ஒரு சனிக்கிழமை என்னையும் அழைத்துப் போனாள். அவள் இரண்டு நிகழ்ச்சியோடு நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. வீட்டில் அம்மாவிடம் இதற்கு நடன வகுப்பு என்று பேர்.

உடை என்று சொன்னால், தோல் நிறத்தில் உடம்போடு ஒட்டிய ஒன்று, அதன்மேல் ஜிகினா. கீழேயிருந்து பார்த்தால் இடுப்பு தெரியும். தெரிவது துணி. இது துணி என்று கீழே நிற்கிற எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் பார்ப்பார்கள். முதலில் எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. மூன்றாவது நிகழ்ச்சியில் அதுவும் இல்லை.

ஆடி மாதம்தான் எங்களுக்கு ஓயாத வேலை. கூழ் ஊற்றுகிற கோயில் ஒவ்வொன்றிலும் மேடை போடுவார்கள். ஆறரைக்கு ஆரம்பித்து, போலீஸ் கொடுத்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். முதலில் சாமிப் பாட்டு, பிறகு குழு நடனம், மிமிக்ரி, அதற்குப் பிறகு நேயர் விருப்பம். கூட்டம் காத்திருப்பது இந்தக் கடைசி ஒன்றுக்காகத்தான். வேண்டியவர் மேடை விளிம்புக்கு வந்து ஒரு நோட்டை நீட்டிப் பாட்டைச் சொல்வார். ஆடுகிறவள் குனிந்து வாங்குவாள். மைக் பிடிக்கிறவர் எந்தத் தெரு அண்ணன் என்று அறிவிப்பார். வாங்கியவள் அந்த அண்ணன் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் ஆட வேண்டும். நோட்டு பிளாஸ்டிக் குடத்துக்குப் போய்விடும், எல்லோருக்கும் பொது. அதனால் யார் எவ்வளவு வாங்கினாள் என்ற பேச்சு குழுவில் கிடையாது. யார் நின்றால் கூட்டம் மேடையை நெருங்குகிறது என்பதுதான் பேச்சு.

நேயர் விருப்பத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர் நாற்பதை நெருங்கிய ஓர் அக்கா. செம்பாக்கத்துப் பக்கமே பிறந்து வளர்ந்தவர். ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு, மாலை அம்மன் கோயில் மேடைக்கு வருவார். அவருக்கு வலது முட்டி போய்விட்டது. படியேறும்போது கம்பியைப் பிடித்துக்கொள்வார், மேடை வந்ததும் விட்டுவிடுவார். இது எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் உடை மாற்றுகிற இடத்தில் முட்டிக்குக் கட்டு போட்டுவிடுகிறவள் நான்தான்.

ஆடி பிறந்த வாரமே குழு நடத்துகிற அண்ணன் சொல்லிவிட்டார். ஆவணியிலிருந்து நேயர் விருப்பத்துக்கு ஒருத்தி போதும், இன்னொருத்தி குழு நடனத்தில் சேர்ந்துகொள்ளட்டும் என்று. குழு நடனத்தில் குதிக்க வேண்டும், மண்டியிட்டு எழ வேண்டும். எனக்கு அது ஒன்றுமேயில்லை. அக்காவுக்கு, இந்த இடம் போனால் குழுவே போன மாதிரி.

அன்று கட்டு போடும்போது, "அண்ணங்கிட்ட வாய வுட்றாத கண்ணு" என்றார். விடமாட்டேன் என்றேன். விடவும் இல்லை.

நான் ஆடுகிற விதம் இப்படி. மேடையை நாலு மூலையாகப் பிரித்துக்கொள்வேன். ஒரு மூலைக்கு எட்டு எண்ணிக்கை, பிறகு அடுத்த மூலைக்கு ஓட்டம். யாருக்கும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எந்த மூலையில் எத்தனை பேர் நோட்டு நீட்டினார்கள் என்று வீட்டுக்கு வந்து போனில் குறித்துவைப்பேன். யாரும் கேட்காத கணக்கு. எனக்கு அதில் ஓர் உற்சாகம் இருந்தது, இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது.

அக்கா ஓடமாட்டார். எங்கள் குழுவுக்கென்று ஒரு பச்சைக் கம்பளம் உண்டு, எந்தக் கோயிலானாலும் அதைத்தான் விரிப்போம். அதில் நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கமாக ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். அக்கா ஒட்டியது. அதன்மேல் நின்றுகொண்டால் சரி, அவ்வளவுதான் அவர் ஆட்டம். ஒருவரிடம் நோட்டு வாங்குகிற கை வாங்கிக்கொண்டிருக்கும்போதே கழுத்து அடுத்தவரிடம் போய்விடும். கழுத்து அங்கே இருக்கும்போது கண் மூன்றாவது ஆளிடம். தோளை மட்டும் இன்னொருவருக்குக் கொடுத்திருப்பார். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பையன்கள், "மச்சான், என்னத்தான்டா பாத்துச்சு" என்று ஒரே சமயத்தில் சொல்லிக்கொள்வார்கள். முட்டி கெட்ட பிறகு வந்த வித்தை அது. கூட்டத்துக்கு அது தெரியாது, அதைத் திமிர் என்று நினைத்து ரசித்தார்கள்.

பெயிண்ட் கடைக்காரர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் பக்கத்தில் அவருக்குக் கடை. ஐம்பது வயதிருக்கும். சுற்று வட்டாரத்தில் எங்கள் மேடை எங்கே போட்டாலும் வந்துவிடுவார். மேடைக்கு வலப்பக்கம், மூங்கிலில் கட்டிய டியூப்லைட்டுக்கு அடியில், வெள்ளைச் சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பாட்டு கேட்கமாட்டார், விசிலடிக்கமாட்டார். அக்காவும் அவர் பக்கம் திரும்பவே மாட்டார், முக்கால் மணி நேரம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவர் நடந்து வந்து ஒரு நோட்டைக் கொடுப்பார். அந்தப் பாட்டில் ஒரு சரணம் முழுக்க அக்கா அவரை மட்டும் பார்ப்பார். புருவத்தை அல்ல, கண்ணை. சரணம் முடிந்ததும் அவர் போய்விடுவார். அவர் போன பிறகுதான், அதுவரை வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் நின்ற வயதானவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வருவார்கள்.

ஐந்து நிகழ்ச்சி இதைப் பார்த்தேன். பார்த்து நான் குறித்துவைத்தது, வலது மூலையில் ஒருவர் கவனிக்கப்படாமல் நிற்கிறார் என்று. என் கணக்கில் அவருக்கு எட்டு எண்ணிக்கைகூடக் கிடைத்ததில்லை. முக்கால் மணி நேரம் நின்று ஒரே ஒரு சரணம். யாரோ செய்த தப்பு மாதிரி இருந்தது எனக்கு, திருத்திவிடலாம் போல.

ஆடி மூன்றாவது ஞாயிறு, செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கோயில். சாயங்காலம் தூறிவிட்டு நின்றிருந்தது, கம்பளம் ஈரம். இடப்பாதி எனக்கு, வலப்பாதி அக்காவுக்கு என்பது எங்களுக்குள் பேசாத ஏற்பாடு. இரண்டாவது பாட்டில் நான் அதைத் தாண்டினேன். அக்காவுக்கு முன்னால் ஓடி, வலப்பக்க ஸ்பீக்கர் பெட்டியருகே நின்று, டியூப்லைட் பக்கம் கையைக் காட்டி ஆட ஆரம்பித்தேன். மைக் பிடித்தவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. டியூப்லைட் கீழே நிற்கிற அண்ணனுக்காக ஸ்பெஷல் என்று அறிவித்தார். கூட்டம் மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது.

அவர் கட்டியிருந்த கையை எடுத்தார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று வந்தார் என்று இப்போது தெரிகிறது. தலையை நிமிர்த்தாமல் நோட்டை என்னிடம் கொடுத்தார். பிறகு பைக்குகள் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தார். வெள்ளைச் சட்டை கொஞ்ச தூரம் வரை தெரிந்தது. நான் எட்டு எண்ணி முடித்து, சந்தோஷமாக இடப்பக்கம் ஓடினேன்.

கடைசிப் பாட்டு வந்தது. அக்கா பொட்டின்மேல் நின்றார். டியூப்லைட் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அங்கே பூச்சி மட்டும்தான். முன்னால் யாரும் வரவில்லை. பின்னால் நின்ற வயதானவர்கள் பின்னாலேயே நின்றார்கள். பையன்களில் பாதிப் பேர் போனைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சவுண்ட் மிக்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழு அண்ணன் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

அக்கா பொட்டை விட்டு இறங்கினார். அப்படி அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. என்னைப் போலவே ஓடி, இடது மூலைக்குப் போய், பையன்களுக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றினார். பையன்கள் விசிலடித்தார்கள். இரண்டாவது சுற்றில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு ஸ்டெப். மிச்சச் சரணம் முழுவதையும் உட்கார்ந்தபடியே கையாலும் கழுத்தாலும் ஆடினார். அன்று மாலை முழுக்க வராத சத்தம் அப்போதுதான் வந்தது. அண்ணன் மட்டும் கைதட்டவில்லை. தரையில் ஊன்றியிருந்த அக்காவின் இடது கையை அவர் பார்த்துவிட்டார்.

உடை மாற்றக் கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் பிடித்து அக்காவை அங்கே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் கட்டை அவிழ்த்தேன். முட்டி வீங்கியிருந்தது. அண்ணன் வாசலில் நின்று, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றார் அக்கா. என் கையிலிருந்த கட்டுத்துணி பழுப்பேறி, ஓரம் நூல் பிரிந்திருந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கரும்பலகையில் வாய்ப்பாடு எழுதியிருந்தது. ஏழாம் வாய்ப்பாடு, பாதிவரை. அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தாளு ஏன் போயிட்டாரு, தெரியுமா?" என்றார் அக்கா.

பாவம், அவ்வளவு நேரம் நிற்கிறாரே என்றுதான் கூப்பிட்டேன் என்றேன்.

"காத்துகினு நிக்கத்தான் கண்ணு அவரு வராரு. நீ சட்டுனு குடுத்து அனுப்பிச்சிட்ட."

நான் கட்டுத்துணியைச் சுருட்டினேன்.

"வேணும்னு பண்ணியா?"

"இல்லக்கா."

"தெரியும். அதான் பேஜாரா கீது. வேணும்னு பண்ணியிருந்தா நாலு வார்த்த திட்டிட்டுப் போயிருப்பேன்." காலை மெதுவாக நீட்டிக்கொண்டார். "தண்ணி இருந்தா குடு."

கொடுத்தேன். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கோயிலில் கொடுத்த சாம்பார் சாதத்தை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஊறுகாய் நன்றாக இருந்தது. மறுநாள் சிறுசேரியில் ஒரே பக்கத்தை நாற்பது தடவை திறந்து மூடினேன். எல்லாத் தடவையும் வேலை செய்தது, ஆம் என்று குறித்தேன்.

அந்த இடம் எனக்கு வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. வேண்டாம் என்றும் நினைத்ததில்லை. இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், இதற்குமேல் எதுவும் வரவில்லை.

ஆவணியில் நேயர் விருப்பத்துக்கு ஒருத்தி, நான். அண்ணன் அதைத் தனியாகச் சொல்லக்கூட இல்லை, நிகழ்ச்சி வரிசை எழுதிய தாளில் நான் மட்டும் இருந்தேன். அக்காவைக் கூப்பிடுவது நின்றுபோனது. இரண்டு தடவை போன் செய்தேன். மழையைப் பற்றிப் பேசினார், ஊசி போடச் சொல்கிற டாக்டரைப் பற்றிப் பேசினார். மேடையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை போன் செய்ய எனக்கு ஏதோ வேலை வந்துவிட்டது.

கம்பளம் அதே கம்பளம். பொட்டும் இருந்தது, ஓரம் தூக்கிக்கொண்டு, தூசி படிந்து. நான் அதைப் பிய்க்கவில்லை. ஒரு நாள் அதன்மேல் நின்று பார்த்தேன். அங்கிருந்து மட்டும்தான் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் மறைக்காமல் கூட்டம் முழுசாகத் தெரிகிறது. நாலு மூலைக்கு ஓடி ஓடி நான் பார்த்ததெல்லாம் நின்ற இடத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு நானும் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டேன். போனில் குறிப்பதையும் விட்டுவிட்டேன்.

ராஜகீழ்ப்பாக்கத்திலேயே ஒரு கோயிலில் மேடை போட்ட அன்று பெயிண்ட் கடைக்காரர் வந்தார். இந்த முறை டியூப்லைட்டை வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். அதற்கு அடியில், அதே வெள்ளைச் சட்டை, கட்டிய கை. எனக்கு இப்போது விஷயம் தெரியும். முக்கால் மணி நேரம் அவர் பக்கம் திரும்பவேயில்லை. கழுத்தை மூன்று பேருக்குக் கொடுத்தேன், தோளை ஒருவருக்குக் கொடுத்தேன், அந்த மூலைக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை. நன்றாகவே செய்தேன்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவர் நடந்து வந்தார். நான் பொட்டின்மேல் நின்று, புருவத்தை விட்டுவிட்டு நேராகக் கண்ணைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில், நாங்கள் ஏறி வருகிற படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் நோட்டு இல்லை.

நான் குனிந்தேன். "அந்தம்மா வரலியா?" என்றார்.

"வரலைண்ணா."

இன்றைக்கு மட்டுமா, இனிமேலுமா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்திப்புப் பக்கமாகப் போனார்.

பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவருக்கென்று வைத்திருந்த சரணம் அப்படியே இருந்தது. அதை வேறு யாருக்கும் பிரித்துக் கொடுக்கத் தோன்றவில்லை. டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டு முழுசாக ஆடி முடித்தேன். அதற்குப் பிறகு, இடது மூலையில் ஒருவன் ரொம்ப நேரமாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தான், அங்கே போனேன்.