பனிச்சரிவு லைனில் இருக்கிறது

மற்றவர்களுக்கு விடுமுறை என்றால்தான் எங்களுக்கு வேலை. ஊரெல்லாம் மலைக்குப் போய்ப் பனியில் சறுக்க, நான் லண்டனில் ஒரு பயணக் காப்புறுதிக் கம்பனியின் அவசர போன் பிரிவில் ஹெட்போனோடு இருந்தேன். இரண்டாயிரத்துகளின் கதை இது. அல்ப்ஸ் அடிவாரத்து ஹோட்டலில் வேலை செய்துவிட்டு பிரான்சிலிருந்து வந்தவள், பிரெஞ்சு தெரியும் என்று எடுத்தார்கள். கால் சென்டரில் குப்பை கொட்டியவர்களுக்கு என் பாடு புரியும்.

ஐந்துக்கு மூன்று

"இன்றைக்குப் பனிச்சரிவு அபாயம் மூன்று என்று போர்டில் போட்டிருக்கிறது. போகலாமா?" என்று கேட்டார் ஒரு பள்ளி ஆசிரியர். அளவு ஐந்து வரைதான், மூன்றே பெரிய ஆபத்து, நடுத்தரம்தானே என்று போய்த்தான் பலர் மாட்டுகிறார்கள், செங்குத்துச் சரிவுப் பக்கம் போகாதீர்கள் என்றேன். பெருமூச்சு விட்டார்.

"என் வகுப்பில் ஐந்துக்கு மூன்று எடுத்தால் நான் கை தட்டுவேன்!"

லூயிஷாம் தம்பி

என் பெயரைக் கேட்டதும் தமிழுக்குத் தாவினார், லண்டனின் லூயிஷாம் பகுதியிலிருந்து எடுத்த ஓர் இளைஞர். பனியில் புதைந்தால் சிக்னல் கொடுக்கும் கருவி வாங்கிவிட்டாராம். தனியாகத்தான் போகிறாராம்.

"தம்பி, அந்த சிக்னல் ஆருக்குப் போகும்? கூட வாறவரிட்டையும் அந்தக் கருவி இருந்தால்தானே உங்களைத் தேடிக் கிண்டி எடுக்க ஏலும்? ஹெலிகொப்டர் வருமட்டும் மூச்சுத் தாங்காது" என்றேன்.

"அப்ப மச்சானையும் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டுறீங்கள். அவன்ர வாய்க்கு, பனிக்குள்ளயே கிடக்கலாம் அக்கா!"

மூன்று ஷவல்

பிரான்சின் மலையூர் ஹோட்டலிலிருந்து ஒரு பெண் எடுத்தாள். கணவரும் இரண்டு நண்பர்களும் குறியிட்ட பாதையைத் தாண்டிப் போயிருந்தார்கள். முதல் நாள் காற்று, பழைய தளர்ந்த பனியின் மேல் புதுப்பனியைப் பலகைபோல அடுக்கி வைத்திருந்தது. கணவர் கால் வைத்ததும் அது உடைந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விட்டதாக ஒரு நண்பர் அவளுக்குப் போனில் சொன்னாராம். அவளுக்கு பிரெஞ்சு தெரியாது, மீட்புக்காரருக்கு ஆங்கிலம் வராது. இருவரையும் ஒரே லைனில் போட்டு நான் நடுவில் நின்றேன்.

ஹெலிகொப்டர் கிளம்பிவிட்டது, வேறு செய்தி இல்லை என்றார்கள். லைன் வெறுமையாக இருக்கக்கூடாது என்று அவளிடம் பிள்ளைகளின் பெயரைக் கேட்டேன், காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். ஒருவழியாக மீட்புக்காரர் திரும்ப வந்தார். ஹெலிகொப்டர் இறங்குமுன்பே நண்பர்கள் கிண்டி எடுத்துவிட்டார்கள், கால் முறிவு, ஆனால் பேசுகிறார். அதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்:

"மூன்று பேருக்கும் பனி கிண்டும் ஷவல் வேண்டுமென்று என் சப்பாத்துகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். விமான நிலையம் வரைக்கும் நான் சண்டை பிடித்தேன்."

கையுறை

எல்லா போனும் அப்படி முடிவதில்லை. ஒருவருடைய மகன், முன்னே போனவர்களின் தடத்தில்தான் இறங்கினான். அவர்களை விட்டுவைத்த சரிவு இவனை விடவில்லை. உடலை லண்டனுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு என் பொறுப்பு. தகப்பன் அடிக்கடி எடுப்பார், ஏற்பாடு பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். ஒருநாள், கையுறை போட்டிருந்தானா என்று மட்டும் கேட்டார். பிரான்சுக்குப் பேசி விசாரித்தேன். இரண்டு கையிலும் இருந்தது என்று அவரிடம் சொன்னேன்.

"இரண்டுமா? சின்ன வயதில் ஒன்றைத் தொலைக்காமல் அவன் வீடு வந்ததே இல்லை."

லண்டன் பனி

ஒரு காலை லண்டனில் பனி பெய்தது. கணுக்கால்கூட மூடவில்லை, ஆனால் பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. பாதி நாற்காலிகள் காலி. நடந்தே வந்து சேர்ந்த நான் ஓடிப்போய் போனை எடுத்தால், அடிக்கடி பேசும் பிரெஞ்சு மீட்பு அதிகாரி. ஏன் யாரும் எடுக்கவில்லை என்றார். பனி என்றேன். எவ்வளவு என்றார். சொன்னேன். சிரிக்காமல் கேட்டார்:

"மதாம், உங்களுக்கு ஹெலிகொப்டர் அனுப்பட்டுமா?"

இன்றைக்கும் யாராவது சந்தோஷமாக விடுமுறைக்குப் போகிறேன் என்று சொன்னால், எனக்குப் பொறாமைக்கு முன்னே நெஞ்சிடிதான் வருகிறது.