முதுகுக்கு ஒரு ஜெக்கட்

விடியற்காலையில் இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு மோட்டார் சைக்கிளில் ஏறுகிற ஆண்களைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்குச் சிரிப்பு வரும். முக்கால்வாசிப் பேர் ஜெக்கட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருப்பார்கள். முதுகுப்பக்கம் நெஞ்சுக்கு வந்திருக்கும். தொப்பி வைத்த ஜெக்கட் என்றால் அந்தத் தொப்பி தாடைக்குக் கீழே பை மாதிரித் தொங்கும். இழுத்துப் பூட்டுகிற சிப் பின்னால் திறந்தபடி கிடக்கும். ஒழுங்காகப் போட்டால் சிப்பின் இடுக்கு வழியாகக் குளிர்காற்று நேரே நெஞ்சுக்குள் போகும், அதனால்தான் இப்படி. யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது. பார்த்துப் பழகிய எங்கள் கண்ணுக்கு அதில் ஒன்றும் வேடிக்கை இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஜெக்கட் வாங்கப் போகும்வரை நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அவர் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையற்காரர். காலைச் சாப்பாடு அவருடைய பொறுப்பு. வந்து தங்கியிருப்பவர்கள் கண் விழிப்பதற்குள் அடுப்புகள் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் கிடையாது. ஆகவே இருட்டோடு இருட்டாக மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அத்தனை வளைவுகளிலும் ஏறிப் போவார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் அது கிண்டல். பிறகு அதுவே என் பெயராகிவிட்டது.

ஒரு நாள் மரக்கறி லொறி சிந்திவிட்டுப் போன சேற்றில் டயர் வழுக்கி விழுந்தார். முழங்கையிலும் தோளிலும் தோல் உரிந்திருந்தது, வேறொன்றுமில்லை. அந்தக் கையோடு வேலைக்குப் போய், முட்டையும் பொரித்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய அம்மா, என் மாமி, கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனார். நான் கைப்பேசியை எடுத்தேன்.

எனக்கு ‘தலையெழுத்து’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வரும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் கால் ஒடிந்து கிடந்தாலும் தலையெழுத்து, மண் சரிந்தாலும் தலையெழுத்து. தலைக்கு ஹெல்மட் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, போடுகிறோம். உடம்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதால் உடம்பைத் தலையெழுத்திடம் விட்டுவிட்டோம். அதுதான் என் வாதம். மாமியிடம் அதைச் சொல்லவில்லை, இவரிடம் சொன்னேன். “சரிங்க டீச்சர்” என்றார்.

பல நாட்கள் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துப் படித்தேன். கிரிக்கெட் விளையாடுகிறவர்கள் காலில் கட்டுகிற பேட் மாதிரி, மோட்டார் சைக்கிள் ஜெக்கட்டின் தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் பேட் வைத்துத் தைக்கிறார்கள். தோளும் கையும் ஒடிந்தாலும் கூடிவிடும். முதுகெலும்பு அப்படி இல்லை. ஆனால் நிறைய ஜெக்கட்டுகளில் முதுகுப்பக்கம் தைத்த பைக்குள் இருப்பது வெறும் ஸ்பொஞ்சுத் துண்டுதான் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கடையில் கண்ணுக்குத் தடிப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காக வைப்பது. முதுகுக்கு உண்மையான பேட் உள்ள ஜெக்கட் இல்லாமல் கடையைவிட்டு வருவதில்லை என்று முடிவு செய்தேன்.

நுவரெலியா டவுனில் ஒரு மாடிப்படி ஏறிப் போகும் கடை. ஹெல்மட்டும் மழைக்கோட்டும் கையுறையும் தொங்கிக்கொண்டிருந்தன. கடைக்காரர் சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசினார். சிங்களத்தில் தங்கச்சியைக் கூப்பிடுவது போல என்னை ‘நங்கி’ என்றே கூப்பிட்டார். இரண்டு ஜெக்கட்டுகளை எடுத்து மேசைமேல் போட்டார். ஒன்று தடித்தது, உள்ளே கம்பளி வைத்துத் தைத்தது. மற்றது மெல்லியது, கொழும்பு வெயிலில் ஓட்டுகிறவர்களுக்காக அங்கங்கே வலை வைத்தது.

“நங்கி, இது குளிருக்கு நல்லம். அது விழுந்தா நல்லம்” என்றார். அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

நான் இரண்டின் முதுகுப் பையையும் திறந்து காட்டச் சொன்னேன். தடித்ததில் ஸ்பொஞ்சு. மெல்லியதில் கனமான ரப்பர் மாதிரி ஒரு பேட், முதுகின் நீளத்துக்கு. அதை என் உள்ளங்கையில் வைத்துச் சுத்தியல் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்பொஞ்சை வைத்துத் தட்டியபோது கையை உதறிக்கொண்டேன்.

இவர் அதற்குள் தடித்த ஜெக்கட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

“எனக்கு இது போதும் டீச்சர். சூடா இருக்கு.”

“சூட்டுக்கா வாங்க வந்தோம்? அதுக்கு ஒரு கம்பளி வாங்கிப் போத்திக்கிட்டுப் போங்க.”

மெல்லியதைப் போட்டுப் பார்த்தார். பிறகு, “ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கிறேனே. உள்ளுக்கு ஜேர்சி போடணும்ல” என்றார்.

அதுவும் நான் படித்து வைத்திருந்ததுதான். ஜெக்கட் தொளதொளவென்று இருந்தால் விழும்போது பேட் நகர்ந்துவிடும். முழங்கையில் இருக்கவேண்டியது மேலே ஏறிப்போகும். உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். கடைக்காரரும் ஆமாம் என்று தலையசைத்தார். இவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் சேந்துட்டீங்க” என்று சிரித்தார். உடம்போடு ஒட்டிய அந்த ஜெக்கட்டையே வாங்கினோம். விலை கூடத்தான். எனக்கு மனசு நிறைந்திருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

லயத்துக்கு வந்ததும் பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவராக அவர் முதுகில் தட்டிப் பார்த்தார்கள். மாமி கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தேயிலைச் செடியின் கட்டைகள் குத்தாமலிருக்க வயிற்றையும் தொடையையும் மூடிக் கட்டுகிற தடித்த படங்குத் துணியைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை. ஜெக்கட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“முதுகுல என்னாத்துக்குப்பா இம்புட்டு கனம்? கட்டையும் முள்ளும் முன்னாலதானே குத்துது. நாங்க படங்கு முன்னாலதானே கட்டுறோம்.”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு போனவர் சாயங்காலம் வந்து, நெஞ்சில் ஐஸ் கட்டி வைத்த மாதிரி இருந்தது என்றார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. உள்ளே மெல்லிய பனியனைத் தவிர வேறெதுவும் நுழையவில்லை. அடுத்த நாள் பழைய பேப்பரை மடித்து நெஞ்சில் வைத்து சிப்பைப் பூட்டிவிட்டேன். அது வழியில் நழுவி வயிற்றுக்கு வந்துவிட்டதாம். மேலே மழைக்கோட்டைப் போட்டுப் பார்த்தார். உள்ளே வியர்த்து, அந்த ஈரம் குளிர்ந்து, இழுப்பு இன்னும் கூடியது. இரவில் அவர் மூச்சு விசில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். ஆனாலும் காலையில் ஜெக்கட்டை எடுத்துக் கொடுப்பேன், அவரும் மறுக்காமல் போட்டுக்கொண்டு போவார்.

பிறகு இழுப்பு குறைந்தது. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வாசலில் நிற்கும்போது அவருடைய மோட்டார் சைக்கிள் வந்தது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். ஜெக்கட்டைத் திருப்பிப் போட்டிருந்தார். அந்தப் பெரிய முதுகுப் பேட் நெஞ்சில் புடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் பனியன் காற்றில் படபடத்தது. முழங்கைப் பேட் இரண்டும் கையின் உள்பக்கத்துக்கு வந்திருந்தன. வெளிப்பக்கம் வெறும் துணி.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“எத்தன நாளா இந்தக் கூத்து?”

“ரொம்ப நாளா. கோயில் வளைவுல நிப்பாட்டித் திருப்பிக்குவேன். இன்னைக்கு வர்றப்ப மறுபடி மாத்த மறந்துட்டேன்.” மறைக்கவில்லை. “நெஞ்சுல காத்தே வரல டீச்சர். அந்தப் பேட் அவ்ளோ நல்லாத் தாங்குது. நல்ல சாமான்தான்.”

“அது முதுகுக்கு வாங்குனதுங்க.”

“காத்து முன்னாலருந்துதானே வருது.”

“விழுந்தா?”

அவர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு கோபமில்லாமல் சொன்னார்: “விழுறது எப்பவாச்சும். குளிர்றது தெனமும்.”

நான் படித்த எதிலும் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. அதையெல்லாம் எழுதியவர்கள் இருட்டோடு எழும்பி இந்த மலையில் ஏறி முட்டை பொரிக்கப் போகிறவர்கள் அல்ல. அவருடைய நெஞ்சையும் முதுகையும் ஒரே ஜெக்கட்டில் காப்பாற்ற வழியில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆனாலும் நான் விடுகிற ஆள் இல்லை. சிப்புக்கு உள்பக்கம் தடித்த துணியில் ஒரு பட்டி வைத்துத் தைத்தால் காற்று நுழையாது என்று டவுனிலிருக்கும் டெய்லர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதாகப் பேசிக்கொண்டோம். அதுவரை போடுகிறபடி போடட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு வரவில்லை. அதற்கு முன்பே ஒரு விடியற்காலையில், ராத்திரி பெய்த மழையில் வளைவில் கற்கள் உருண்டு கிடந்தன. பனிமூட்டத்தில் கிட்டே போகும்வரை தெரியவில்லையாம். வண்டியை விலக்கப் பார்த்திருக்கிறார். மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம் போக, இவர் மல்லாக்க இழுபட்டுப் போய் மதகுச் சுவரில் முதுகு மோத நின்றிருக்கிறார். மரக்கறி ஏற்றிப்போன லொறிக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை பிறகுதான். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, முதுகெலும்பில் எந்த இடம் என்று பேனா முனையால் தொட்டார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். இனி நடப்பது கஷ்டம் என்றார். கஷ்டம் என்றால் முடியாது என்று அர்த்தம். என் வகுப்பில் பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் நானும் அந்த வார்த்தையை அப்படித்தான் சொல்வேன்.

நர்ஸ் ஒரு பையில் ஜெக்கட்டைக் கொடுத்தார். கத்தரிக்கோலே தேவைப்படவில்லையாம். பின்னால் திறந்திருந்ததால் கையைப் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டதாம். வீட்டில் அதை விரித்துப் பார்த்தேன். முதுகுப் பேட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கடையில் தொங்கியபடியே இருந்தது.

மாமி பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “அந்த ஜெக்கட்டு இருந்ததாலதான் எம் புள்ள உசுரோட இருக்கான். நெஞ்சுல ஒரு காயம் இல்ல பாருங்க. டீச்சரு தேடி வாங்கிக் குடுத்தது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. திருத்தி என்ன ஆகப்போகிறது. கேட்டவர்களில் ஒருவர், பக்கத்து லயத்தில் இருப்பவர், அவரும் விடிய முன்னே டவுனுக்கு ஓட்டிப் போகிறவர், என்னிடம் கடை எங்கே என்று விசாரித்து அதே ஜெக்கட்டை வாங்கினார். முதுகுப் பேட் எதற்கு என்று அவரை நிற்க வைத்து, பாடம் எடுப்பது போலச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மறுகிழமை பார்க்கிறேன், பேட் நெஞ்சில் இருக்கிறது. கூப்பிட்டுக் கத்தினேன். “குளிருதுங்க டீச்சர்” என்று சிரித்துவிட்டுப் போனார். இப்போதெல்லாம் நான் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

சக்கர நாற்காலி ஒன்று கிடைத்திருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு போக லயத்தில் இடம் எங்கே இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் படி. காலையில் அவரை வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார வைப்பேன். அங்கிருந்து ரோட்டின் ஒரு வளைவு தெரியும். கம்பளி போர்த்திவிட்டால் கையை அசைத்ததும் சரிந்து விழுகிறது. அதனால் அந்த ஜெக்கட்டையே எடுத்தேன். உடம்பு வற்றிவிட்டதால் உள்ளே ஜேர்சி போட இப்போது தாராளமாக இடம் இருக்கிறது. ஒழுங்காகப் போட்டுவிட வேண்டுமானால் அவரை முன்னால் குனிய வைக்க வேண்டும். இடுப்பு நிற்காமல் அப்படியே மடிந்து விழப்பார்க்கிறார். ஆகவே நான் முன்னால் நின்று, ஒவ்வொரு கையாக நுழைத்து, முன்பின்னாகத் திருப்பித்தான் போட்டுவிடுகிறேன். பேட் நெஞ்சில் வந்து உட்காரும். சிப் முதுகுக்குப் பின்னால் திறந்தே கிடக்கும்.

முதல் நாள் அப்படிப் போட்டுவிட்டு, “முதுகுல குளிருதாங்க?” என்று கேட்டேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அங்க எனக்கு ஒண்ணும் தெரியல டீச்சர்.”