ஜெயிக்கிற வரைக்கும் ஆடச் சொன்ன சரோஜா

சரோஜா போய்விட்டாள் என்று அவள் அண்ணன் வளவனூரிலிருந்து சைக்கிளில் வந்து சொன்னார். மார்வலியாம். நான் இப்போது இருக்கும் விழுப்புரத்தில் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் திண்டிவனத்தில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு எழுதுகிறேன்.

பாம்பு ஏணி அட்டை செய்த நம் கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு அவள்தான் பொறுப்பு. என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் சேர்ந்த அன்று புது அச்சின் முதல் அட்டையைக் கொடுத்தாள். நான் அழுக்கும் கிழிசலும் தேடினேன்.

"அதை அப்புறம் பார்க்கலாம்க்கா. ஆடிப் பாருங்க. ஒரு காயி ஜெயிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது" என்றாள்.

என்னோடு ஆட எதிரில் உட்கார்ந்த மல்லிகாவிடம், "நீ அழும்பு பண்ணிக்கினு ஆடுடி. புள்ளைங்க அப்படித்தான் ஆடும்" என்பாள். "அத எனக்குச் சொல்லித் தரணுமா?" என்பாள் மல்லிகா.

அந்தத் தீபாவளிக்கு மரக்காணத்துக் கடைக்காரர் ஒரு கட்டு அட்டையோடு திரும்பி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "காலையிலேருந்து நாலு புள்ளைங்க ஆடிக்கினு இருக்குதுங்க. ஒண்ணுகூட நூறுக்குப் போகல. அடிதடி ஆயிடிச்சி."

தொண்ணூற்று நான்கு முதல் தொண்ணூற்றொன்பது வரை ஆறு கட்டத்திலும் பாம்பு. ஆறுக்கு மேல் விழாத கட்டையை வைத்து யார் தாண்ட முடியும்?

"பார்த்தது யாரு?" என்றார் முதலாளி.

"என் மேஜையில பார்த்தது. தப்பு இங்க இருக்குது, பாருங்க. ஆளைக் கேக்காதீங்க" என்றாள் சரோஜா, அட்டையில் அந்த ஆறு கட்டத்தைக் காட்டி.

"அப்போ நீதான்."

"நான்தான்."

மறுநாள் அவளைப் பசை ஒட்டும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அவள் மேஜைக்குத் திரும்பவே இல்லை. அவள் அசட்டையாக விட்டுவிட்டாள் என்று நீங்கள் பேசிக்கொண்டபோது நானும் தலையாட்டினேன்.

அந்த அட்டையைப் பார்த்தது நான்தான். அன்று மல்லிகா வரவில்லை. இரண்டு காய்க்கும் நானே உருட்டினேன். அறுபதைத் தாண்டும் முன்பே எழுந்து முத்திரை குத்திவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்துத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் அவளிடம் சொன்னேன்.

"தெரியும்க்கா. உங்க வீட்டுக்காரர் காரியம் முடிஞ்சி மூணாம் நாளு அது. உங்களத் தனியா உட்கார வெச்சது நானு. அது என் தப்புதான?" என்றாள். பஸ் வந்ததும் முண்டியடித்து ஏறி, எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.

உங்களிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

அந்த அட்டையில் ஒன்று என்னிடம் இருக்கிறது. கூட ஆட ஆளில்லை. சிவப்புக்கும் நீலத்துக்கும் நானே உருட்டுகிறேன். இரண்டும் தொண்ணூற்று மூன்றைத் தாண்டுவதில்லை. நானும் எழுந்திருப்பதில்லை.