பாறசாலைக்குப் பக்கத்தில் எட்டு டம்ளர் உப்புத் தண்ணீர்

ஓணம் முடிந்த வாரத்தில் நானும் மனைவி செல்வியும் பாறசாலை அருகே ஓர் இயற்கை மருத்துவ மையத்துக்குப் போனோம். பத்து நாள் தங்குவதாகத் திட்டம். அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகி, ரத்தத்தில் கிரியேட்டினின் 4.8 வரை ஏறியிருந்தது. டயாலிசிஸுக்குத் தயாராகச் சொல்லிவிட்டார் திருநெல்வேலி டாக்டர். செல்விக்கு அந்த வார்த்தையே ஆகாது. குடலைக் கழுவினால் சிறுநீரகமும் தானாகச் சுத்தமாகிவிடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் புத்தி எங்கே போயிற்றோ, கிளம்பிவிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து காலை பாசஞ்சரில் ஒரு மணி நேரம். பாறசாலையில் இறங்கி செங்கலுக்கு ஆட்டோ, 180 ரூபாய். "சிவபார்வதி அம்பலத்துக்கா?" என்று கேட்டார் ஓட்டுநர். அந்தக் கோயிலுக்கு வருகிறவர்கள்தான் அவருக்குப் பழக்கம். மையத்தின் பெயரைச் சொன்னதும் சிரித்தார்.

"போற வழியில நல்ல புட்டுக்கடை உண்டு, தின்னுட்டுப் போங்க. அங்க போனா பூசணிச்சாறு ஆக்கும்."

செல்வியும் சிரித்தாள். புட்டு வேண்டாம் என்றாள்.

சுத்திகரிப்புப் பயிற்சிகளுக்குப் பொறுப்பாளர் ஸ்டெல்லா அக்கா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்துதான் யோகா வகுப்பு எடுப்பார். படிவத்தை நீட்டியபடி கேட்டார்: "பிரஷர், கிட்னி, ஹார்ட்டு ஏதாச்சும் உண்டா மக்கா? மறைக்கப்பிடாது. உண்டும்னா உப்புவெள்ளம் தரமாட்டேன். வேற சிகிச்சை உண்டு."

"ஒண்ணும் இல்லக்கா, மலச்சிக்கல்தான்" என்றாள் செல்வி. உப்புத் தண்ணீருக்காகவே வந்தவள் வேறென்ன சொல்வாள்? மருத்துவ ஃபைல் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. படிவத்தின் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. காலையில் மூக்குக்குள் இளஞ்சூட்டு நீர் விட்டு ஜலநேத்தி, பிறகு வயிற்றில் களிமண் பட்டை. உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், நாம் வழிவிட்டால் போதும் என்று வகுப்பில் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டாம் நாள் மாலை செல்வியின் கணுக்கால் வீங்கியிருந்தது. கழிவு வெளியேறும்போது முதலில் சின்னச் சின்னத் தொந்தரவு வருமாம், அதுவும் வகுப்பில் கேட்டதுதான். "நல்ல அறிகுறிங்க" என்றாள். நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு சங்கப் பிரக்ஷாலனம். இரண்டு டம்ளர் உப்புத் தண்ணீர் குடித்து ஐந்து ஆசனங்கள் செய்ய வேண்டும். வயிறு தெளிந்த நீராகப் போகும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழிப்பறைக்கு ஓடினார்கள். செல்விக்கு எட்டு டம்ளர் உள்ளே போயும் ஒன்றும் வெளியே வரவில்லை. முகம் உப்பியது. மூச்சு இரைத்தது.

"எலே, ஆட்டோ விளி!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார் ஸ்டெல்லா அக்கா. "மக்கா, நெசத்தச் சொல்லு, ஒனக்கு என்ன உண்டு?"

அவளால் பேச முடியவில்லை. நான் ஓடிப்போய் ஃபைலை எடுத்து வந்தேன். அக்கா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அவதான் சொல்லல்ல. கூட வந்த நீராவது சொல்லப்பிடாதா?"

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து நிமிடம். அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எதற்குப் பயந்து ஓடிவந்தாளோ, அந்த டயாலிசிஸ் அன்று மதியமே தொடங்கியது. எப்படியும் வந்திருக்கும் என்று டாக்டர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். வந்திருக்கும்தான். இன்னும் சில மாதமாவது கழித்து வந்திருக்கும். அந்த மாதங்களை நான் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: பாறசாலைதான் பக்கத்து ஸ்டேஷன். பருத்தி உடைகள் எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்களோடு இருந்தவர்கள் நலமாகவே வீடு திரும்பினார்கள். வக்கீலிடமும் வைத்தியரிடமும் பொய் சொல்லக்கூடாது என்பார்கள். ஃபைலைக் கையிலேயே வைத்திருங்கள். கூட வந்தவர் மறைத்தால் நீங்கள் சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இப்போது செல்விக்கு டாக்டர் அனுமதித்தது ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். காலையில் நான்தான் அளந்து பாட்டிலில் ஊற்றி வைக்கிறேன். மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. காலி பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைக்கிறாள்.