இரண்டு கருக்களும் ஓர் ஊசியும்

அவள் டாக்டர் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு நாக்கு தேய்ந்துவிட்டது. குழந்தையில்லாதவர்களுக்கான மருத்துவமனை ஒன்றின் மூன்றாவது மாடி ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவள். முட்டையை நுண்ணோக்கியின் கீழே வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரே ஒரு விந்தணுவை உள்ளே செலுத்த வேண்டும். அதுதான் வேலை. உள்ளே வருகிறவர்களுக்குப் பவுடர் கூடாது, சென்ட் கூடாது, பேச்சும் கூடாது. தெருவில் இதையெல்லாம் இரண்டே சொல்லில் சுருக்கிவிட்டார்கள்: முட்டை டாக்டரம்மா.

எங்கோ கருவிலேயே மரபணுவைத் திருத்திவிட்டார்களாம் என்று செய்தி வந்த நாளிலிருந்து அவளால் நிம்மதியாகப் பால் வாங்கப் போக முடியவில்லை. குடியிருப்புச் சங்கத் தலைவர் ஆறடியில் ஒரு பேரன் வேண்டும் என்று வழிமறித்தார்.

"உங்க பையனே அஞ்சேகால் அடிதானே சார்? அவர் பங்கு ஒண்ணுமே வேணாமா?"

மருந்துக் கடைக்காரர் கணக்கில் புலியாக ஒரு பிள்ளை கேட்டார்.

"கணக்குக்குன்னு தனியா ஒரு ஜீன் கிடையாதுங்க."

"சரி, அப்ப சயின்ஸ்?"

அன்று பாலை மறந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

இப்படிப்பட்டவர்களைக் கடிந்து அனுப்பிவிடலாம். தம்பியை என்ன செய்வது?

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவி கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து லென்ஸ் பொருத்துபவள். தலசீமியா என்ற இரத்த நோயின் மரபணு இருவருக்குள்ளும் இருந்தது, இருவருக்குமே தெரியாது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இருவரிடமிருந்தும் வந்தால்தான் வினை. அவர்கள் மகளுக்கு அப்படித்தான் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றி ஏற்றி, ஆறாவது வயதில் அவளை இழந்தார்கள்.

பிறகு அக்காவின் மருத்துவமனையிலேயே சிகிச்சைக்கு வந்தார்கள். கருக்களைச் சோதித்து, நோயில்லாததை மட்டும் கருப்பையில் வைப்பதாக ஏற்பாடு. சொந்தக்காரர் விஷயம் என்பதால் அவள் ஊசியைத் தொடவில்லை, கூட வேலை பார்ப்பவர் செய்தார். கிடைத்தது இரண்டே கரு. இரண்டுக்கும் நோய். நாலில் ஒன்றுக்குத்தான் வரும் என்பார்கள், ஆனால் கெட்ட நேரம் கணக்கைப் பார்த்தா வருகிறது? இரண்டையும் உறையவைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"அக்கா, அந்த ரெண்டையும் சரி பண்ணிக் குடு," என்றான் தம்பி.

"சரி பண்றதுக்கு அது என்ன லிஃப்டாடா?"

"மரபணுவுல ஒரே ஒரு எழுத்துதான் தப்புன்னு நீதானே சொன்ன? தினமும் ஊசி போடுற கைதானே உன் கை?"

"நான் ஊசி போடுறது ஒத்தை செல்லுக்கு. உங்க கரு இப்போ நூறு செல்லுக்கு மேல. பாதி மாறும், பாதி மாறாது. தெரியாம மரபணுவை வேற எங்கயாவது வெட்டிட்டா, பிள்ளை வளந்த பிறகுதான் தெரியும். அது அதோட பிள்ளைக்கும் போகும். சட்டமும் விடாது. எல்லாத்துக்கும் மேல, இது நடக்கப்போறது ஒரு பிள்ளை உடம்புல. அதுகிட்ட யாரு கேக்கறது?"

தம்பி மனைவி நிமிர்ந்தாள்.

"எங்க பொண்ணைப் பெத்தப்ப மட்டும் அவகிட்ட கேட்டோமா அண்ணி? மூணு வாரத்துக்கொரு தடவை உன்னைக் குத்தலாமான்னு கேட்டுட்டா பெத்தோம்?"

அக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது, கேள்வி நியாயமாக இருந்ததால் வந்த எரிச்சல். விடுவிடுவென்று எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவினாள்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி போன் செய்தான். யாரோ ஒருவர் வெளிநாட்டு ஆய்வகத்தில் செய்து தருகிறாராம். "வேண்டாம்னு சொல்லத்தான் வர்றேன்," என்று புலம்பிக்கொண்டே கூடப் போனாள்.

பயண ஏஜென்சிக்கும் பல் டாக்டருக்கும் நடுவே ஓர் அறை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சிரித்த முகத்தோடு படிவத்தை நீட்டினார்.

"இதுவரைக்கும் எத்தனை குழந்தை பொறந்திருக்கு?" என்று கேட்டாள்.

"நிறைய மேடம்."

"அதுங்க இப்ப எப்படி இருக்குன்னு யாரு பாக்கறாங்க?"

"அதெல்லாம் ரகசியம். ஆனா எங்க வெற்றி தொண்ணூத்தெட்டு சதவீதம்."

"எதுல? பிள்ளை பொறந்ததுலயா, கையெழுத்து வாங்கினதுலயா?"

கோட்டுக்காரரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. தம்பி மனைவி படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க கண்ணு என்ன நிறம் வேணும்னு கேட்டிருக்கே, எதுக்கு?"

"எப்படியும் உள்ள போறோம்ல, கையோட அதையும் பண்ணிடலாம்."

"நாங்க அதுக்கு வரல," என்று படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்தாள்.

வெளியே வராந்தாவில் தம்பி அக்காவிடம் வெடித்தான்.

"கெடுத்துட்டல்ல! உனக்குச் சட்டம்தான் பெருசு!"

"புது ரோப் மாட்டின லிஃப்டை ஓட்டிப் பாக்காம ஆளை ஏத்துவியாடா நீ?"

"வேற வழியில்லாதவன் ஏறத்தான் செய்வான்!"

"ஏறப்போறது நீ இல்லடா. உன் பிள்ளை."

அதன் பிறகு அவன் அக்காவோடு பேசவில்லை.

மறுவருடம் இன்னொரு முறை முயன்றார்கள். மூன்று கருக்களில் ஒன்று நோயில்லாதது. வைத்தார்கள், தங்கவில்லை. தம்பி மனைவி இரண்டு நாள் லீவு எடுத்தாள். மூன்றாம் நாள் கடைக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் ஆய்வகத்துக்குத் தனியாக வந்தாள். முதலில் உறையவைத்த அந்த இரண்டையும் மரபணு திருத்த ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அனுமதி பெற்ற ஆய்வுதான். கருப்பைக்குப் போகாது, சில நாளில் வளர்ச்சியை நிறுத்திவிடுவார்கள்.

"இதனால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது."

"வேற யாருக்காவது?"

"இருபது வருஷம் கழிச்சு, ஒருவேளை. இல்லாமயும் போகலாம்."

"பரவால்ல அண்ணி. படிவத்தைக் குடுங்க."

பதினெட்டுப் பக்கம். அதில் 'திருத்தம்' என்று போடுவதா 'மாற்றம்' என்று போடுவதா என்று நெறிமுறைக் குழு மூன்று கூட்டம் நடத்தியிருந்தது. குழுவில் டாக்டர்கள், வக்கீல், பேராசிரியர் எல்லோரும் உண்டு. இப்படியொரு பிள்ளையை வளர்த்தவர் ஒருவர்கூட இல்லை. தம்பி வந்து, அக்கா முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். கருக்கள் இருந்த குழல்களின் லேபிளைச் சரிபார்த்து அனுப்பும் முறை அன்று அவளுடையதாக இருந்தது. தம்பி பெயரை மூன்று முறை படித்தாள். ஒருமுறை படித்தாலே போதும்.

அன்று சாயங்காலமே குழுவுக்குக் கடிதம் எழுதினாள்: பெற்றோர் ஒருவரைச் சேருங்கள். உரிய படிவத்தில் விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்தது. விண்ணப்பித்தாள். பழைய படிவம் செல்லாது என்றார்கள். புதியது எங்கே என்றால் இன்னும் அச்சாகவில்லை என்றார்கள். ஏழு மாதம் விடாமல் நச்சரித்து இடம் வாங்கினாள்.

முதல் கூட்டம் முடிந்ததும் குழுத் தலைவர் ஆய்வக வாசலுக்கே வந்துவிட்டார்.

"நீங்க சிபாரிசு பண்ண அந்த அம்மா ஒரு வரியைக்கூட விடமாட்டேங்கறாங்க. ரெண்டு மணி நேரம் எக்ஸ்ட்ரா ஆயிடுச்சு."

"அப்படிங்களா சார்? அடுத்த தடவை மூணு மணி நேரமா வச்சுக்கோங்க," என்றாள்.

கூட்ட நாட்களில் தம்பிதான் மனைவியை பைக்கில் கொண்டுவந்து விடுகிறான். மருத்துவமனை கேட்டோடு திரும்பிவிடுவான், இன்னும் மேலே வருவதில்லை.