மடியில் வைத்த பை

முன்பின் தெரியாதவர்களுக்குள் நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. லேப்டாப்புக்குள் ஓர் ஊரை உண்டாக்கி, சில நூறு பொம்மை மனிதர்களை நடமாடவிட்டிருந்தேன். ஒருவர் பொருளை இன்னொருவர் வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். ஒழுங்காகத் தந்தவரை மறுபடியும் நம்பலாம். இனி பார்க்கவே போவதில்லை என்றால் சுருட்டிக்கொள்ளலாம். இதுதான் நான் எழுதிய விதி. எத்தனை தடவை ஓட்டினாலும் கடைசியில் ஊரே திருட்டு ஊராகிவிடும். எரிச்சல் தாங்காமல் திரையைப் பார்த்துத் திட்டுவேன்.

அன்று கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. எல்லோரையும் போல, உட்கார்ந்திருந்த ஓர் அக்காவின் மடியில் பையை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. என் ஊரான வடக்கனந்தலில் கூட்டம் என்னைத் தள்ளி இறக்கிவிட்டது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கையில் பை இல்லாதது உறைத்தது. உள்ளே லேப்டாப். இரண்டு வருட உழைப்பு மொத்தமும் அதில்தான். வேறெங்கும் நகல் எடுத்து வைக்காத என் சோம்பேறித்தனத்தை நினைத்து அழுகையே வந்துவிட்டது.

ஆட்டோ பிடித்துக் கச்சிராயபாளையம் போனேன். இனி என்னைப் பார்க்கவே போகாத ஒருத்தி எதற்காகத் திருப்பித் தர வேண்டும் என்றே வழியெல்லாம் மனசுக்குள் ஓடியது.

பஸ் நிற்கும் இடத்தில் அந்த அக்கா என் பையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இன்னாம்மா நீ, பைய எங்கிட்ட குட்த்துட்டு அப்டியே எறங்கிப் பூட்ட? மலைக்குப் போற கரியாலூர் பஸ்ஸு வந்து போயே போச்சு. உனக்காவத்தான் குந்திக்கினு இருக்கேன்.”

“கண்டக்டர்கிட்ட குடுத்துட்டு நீங்க போயிருக்கலாமேக்கா?”

“கேட்டாரு. நான்தான் தரல. அவரு யாரோ இன்னாவோ, எப்டி நம்பறது?”

“என்னை மட்டும் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுதான். ஆனா நீ என்னை நம்பித்தானே குட்த்த.”

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. டீ வாங்கி வந்து, அடுத்த மலை பஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் டீ குடித்து வெகுநாளாகியிருந்தது.

“இந்தக் கனம் கனக்குதே, இன்னா வச்சிருக்க உள்ள?”

“ஒரு ஊருக்கா. அதுல இருக்கறவங்க எல்லாம் திருடங்க.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். “அடப்பாவமே. யாரு சொன்னது அப்டி?”

“நான்தான்” என்றேன்.