ஃபெர்ரியில் பிடித்த தூக்கம்

பினாங்கில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த காலத்தில், ராத்திரி ஒரு கிளாஸ் பிராந்தி இறங்கினால்தான் எனக்குக் கண் மூடும். ஒரு நாள் அந்த மயக்கத்தில் மனைவியின் கொண்டையைத் தலையணை என்று நினைத்துத் தட்டித் தட்டிச் சரிசெய்தேன். மறுநாளே குடியை விட்டேன். விட வைக்கப்பட்டேன் என்பதே சரி.

குடியோடு தூக்கமும் போய்விட்டது. மைத்துனர் சொன்னபடி தினமும் பாலில் ஜாதிக்காய் உரைத்துக் குடித்தேன். ஏப்பம் மணத்ததே தவிர, கண் சொக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்த தங்கையைப் பார்க்க ஃபெர்ரி ஏறினேன். கடற்காற்று முகத்தில் பட்டதும் பெஞ்சில் சாய்ந்தவன்தான். டிக்கெட் பார்ப்பவர் உலுக்கி எழுப்பியபோது, அக்கரைக்குப் போய் இக்கரைக்கே திரும்பியிருந்தேன்.

"என்னாண்ணே, பட்டப்பகல்லயே தண்ணியா? எறங்குங்க லா!"

"சத்தியமா குடிக்கல தம்பி. வேணும்னா மோந்து பாருங்க" என்று ஊதிக் காட்டினேன்.

அவர் முகர்ந்துவிட்டுக் குழம்பினார். "பாயாச வாசமில்ல வருது! பாயாசத்துக்கா இவ்ளோ போதை?"

வீட்டில் சொன்னபோது மனைவி நம்பவில்லை. அடுத்த ஞாயிறு என்னைக் கண்காணிக்கக் கூடவே வந்தாள். ஃபெர்ரி நகர்ந்ததும் முதலில் குறட்டை விட்டவள் அவள்தான்.

நாளடைவில் வீட்டிலும் எனக்குத் தூக்கம் வரத் தொடங்கியது. ஆனாலும் ஞாயிறுதோறும் சோறு கட்டிக்கொண்டு, தூங்குவதற்கென்றே இருவரும் கடல் கடந்தோம். "இவ்ளோ தூரம் வந்துட்டு எறங்காமயே போறீங்களே!" என்று கோபித்துக்கொண்டு தங்கைதான் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தாள்.